நீ இல்லாமல் நடந்த இரண்டு கச்சேரிகள்

கோபமும் பிரியமும் சரிபாதியாக, என் மச்சான் எட்வினுக்கு,

நம் சர்ச்சின் பங்கு மலருக்கு உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ‘அன்னாரின் இழப்பு’ என்று ஆரம்பித்து மூணு தாளைக் கிழித்துப் போட்டேன். உன்னை ‘அன்னார்’ என்று எழுத எனக்கு வரவில்லை. சண்டை போடத்தான் வருகிறது. அதனால் உனக்கே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் ஓரமாக நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

நீ போய் மூணு மாசம் ஆகப்போகிறது. நீ இருந்த மாடி போர்ஷன் பூட்டியே கிடக்கிறது. யாருக்காவது வாடகைக்கு விடலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். உன் தங்கச்சி, என் பெண்டாட்டி ஸ்டெல்லா, சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஒண்ணு மட்டும் முதலில் கேட்டுவிடுகிறேன். செப்டம்பர் மாசம் முழுக்க இடது தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தாயே, “வயலின் தோள்டா, நாப்பது வருஷ வலி”ன்னு சொன்னாயே, அது பொய்யென்று உனக்குத் தெரியுமா தெரியாதா? சோடா வாங்கிக் குடித்துவிட்டு “வாயு”ன்னாய். நான் கணக்கு வாத்தியார். ஒண்ணையும் ஒண்ணையும் கூட்டத் தெரிந்தவன். உன் விஷயத்தில் மட்டும் ஏன் கூட்டாமல் விட்டேன்? நம் கச்சேரி சீசன் முடியட்டும், அப்புறம் டாக்டரைப் பார்க்கலாம் என்று மனசுக்குள் தள்ளிப் போட்டிருக்கிறாய். இரண்டு கச்சேரி முடித்தாய். மீதி இரண்டை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாய்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நாங்கள் நாலு பேர். எட்வின் முதல் வயலின். திருப்பாதிரிப்புலியூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற குமரவேல் இரண்டாவது வயலின். நான் வயோலா, அது வயலினுக்கு அண்ணன் மாதிரி, கொஞ்சம் பெரிசு, கொஞ்சம் கனத்த குரல். சிதம்பரம் அண்ணாமலை நகரில் தாவரவியல் நடத்தும் மாலதி மேடம் செல்லோ. நாலு நாற்காலி, ஓர் அறை, நாலு பேர் பேசிக்கொள்வது மாதிரி ஒரு சங்கீதம். ஐரோப்பாவில் வீட்டுக் கூடத்தில் வாசிக்கவென்று எழுதி வைத்தது. சனிக்கிழமை சாயங்காலமானால் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு ஹாலில் உட்காருவோம். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெரும்பாலும் எங்களைத் தவிர யாரும் கேட்டதில்லை.

போன வருஷக் கடைசியில் நீதான் ஆரம்பித்தாய். “மெட்ராஸ்காரனுக்கு மட்டும்தான் சீசனா? நாமளும் வைக்கிறோம்டா.” ஆகஸ்டில் கடலூர், செப்டம்பரில் சிதம்பரம், அக்டோபரில் திரும்பக் கடலூர், நவம்பரில் திரும்பச் சிதம்பரம். நாலு மாசம், நாலு கச்சேரி. மைக் கிடையாது, பேச்சு கிடையாது, சால்வை கிடையாது, வாசிக்கும்போது ஃபேன் கிடையாது. ஃபேன் கிடையாது என்று சொன்னதும் குமரவேல் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். பார்த்தாய்தான். பார்த்துச் சிரித்தாய்.

ஆகஸ்டில் நாற்பது பேர் வந்தார்கள். முதல் உருப்படி முடிந்ததும் முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்து, “பாடுறவங்க எப்ப வருவாங்க?”ன்னு கேட்டது. நீ வில்லை மடியில் வைத்துவிட்டு, “நாங்க நாலு பேரும்தாம்மா பாடுறோம், வாய் மட்டும் தொறக்கல”ன்னு சொன்னாய். அந்த அம்மா உட்கார்ந்து கடைசி வரை கேட்டது. செப்டம்பரில் சிதம்பரம். அன்றைக்குத்தான் நீ எப்போதையும்விட நன்றாக வாசித்தாய். ஐந்தாம் நாள் குளியலறைக் கதவை உடைத்து உன்னைத் தூக்கினோம்.

அக்டோபரில் நடந்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன், கேள்.

பங்குத்தந்தை கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர், குறை சொல்லக்கூடாது. “சார்லஸ், எப்படியும் ஹால் புக் ஆயிருக்கு. அத அப்படியே எட்வினுக்கு நினைவேந்தல் மாதிரி வச்சிக்கலாமே, என்னா சொல்றீங்க?” நான் தலையாட்டினேன். அது என் தப்பு. அடக்கம் முடிந்து ரெண்டு வாரம்கூட ஆகாத மனசு, யார் எது சொன்னாலும் ஆட்டியது.

ஹால் வாசலில் ஆளுயர ஃப்ளெக்ஸ். ஊட்டியில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு எடுத்தாயே, அந்தப் படம். மேலே ‘இசைச் சிகரம் சாய்ந்தது’. மேடையில் ஏழு நாற்காலி, அதில் எங்களுக்கு ஒண்ணுகூட இல்லை. ஆளுக்கு ரெண்டு நிமிஷம் என்று சொல்லி ஐந்து பேர் பேசினார்கள். அதில் ஒருத்தர் உன்னுடைய கிடார் வாசிப்பைப் பற்றி உருகிவிட்டார். நீ எந்தக் காலத்தில் கிடாரைத் தொட்டாய்? பேசி முடித்தபோது ஜெபத்துக்கும் டிபனுக்கும் போக எங்களுக்கு மிச்சமிருந்தது கால் மணி நேரம்.

உன் பாகத்தைக் குமரவேல் வாசிப்பது என்றும், இரண்டாவது வயலின் இல்லாமலே சமாளிப்பது என்றும் முடிவு செய்திருந்தோம். மைக் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு சவுண்ட் சர்வீஸ்காரர், “சும்மா இருங்க சார், எக்கோ வச்சாதான் எடுக்கும்”ன்னார். மைக்கைக் கொண்டுபோய் மாலதி மேடத்தின் செல்லோவுக்கு முன்னால் நட்டார். கெடிலம் பாலத்தில் லாரி போகிற மாதிரி ஒரு சத்தம். ஃபேனெல்லாம் முழு வேகத்தில். என் தாள் பறந்து பீடத்துக்கு அடியில் போய்விட்டது. நான் ஞாபகத்தில் வாசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அது நடந்தது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே, மச்சான், வில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, யாரோ ஒருத்தர் மேடையேறி வந்து குமரவேலுக்குச் சால்வை போட்டார். அவன் முழங்கை சால்வைக்குள் மாட்டிக்கொண்டது. போட்டோ எடுப்பவர், “இந்தப் பக்கம் பாருங்க”ன்னார். அவனும் பாவம், பார்த்தான்.

நான் எழுந்து நின்று, “நிறுத்துங்கய்யா!”ன்னு கத்தினேன். மைக் என் குரலைப் பிடித்துக்கொண்டது. எக்கோவோடு ‘ய்யா... ய்யா...’ என்று ஹாலைச் சுற்றி வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். முப்பது வருஷம் வகுப்பில் கட்டி வைத்திருந்த மரியாதை அன்றோடு போயிற்று. பள்ளிக்கூடத்தில் இப்போதும் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பின்னால் எவனாவது மெதுவாக ‘ய்யா’ என்கிறான்.

வயோலாவைப் பெட்டியில் வைத்து இறங்கி வந்துவிட்டேன். உன் பேரால் நடந்த கூட்டத்தில் உனக்குப் பிடிக்காத எல்லாம் நடந்தது. பிடித்தது ஒண்ணுகூட முழுசாக நடக்கவில்லை. யார்மேல் கோபப்பட? வந்தவர்கள் எல்லோரும் உன்மேல் பிரியத்தில் வந்தவர்கள். அதுதான் எனக்கு ஆற்றாமை.

அடுத்த சனிக்கிழமை குமரவேலும் மாலதி மேடமும் வீட்டுக்கு வந்தார்கள். நவம்பர் கச்சேரியை ரத்து செய்துவிடலாம் என்று சொல்லத்தான் கூப்பிட்டிருந்தேன். மேடம் செல்லோவைப் பாசஞ்சர் வண்டியில் பக்கத்து சீட்டில் பிள்ளை மாதிரி உட்கார வைத்துக் கொண்டுவந்திருந்தார். “ரத்துன்னு சொல்லத்தான் கூப்பிட்டீங்கன்னா, முன்னாடியே சொல்லியிருக்கலாம் சார். இத தூக்கிட்டு வந்திருக்க மாட்டேன்”ன்னார்.

“ரெண்டாவது வயலினுக்கு ஆள் இல்ல மேடம்.”

“கொயர்ல கீபோர்டு வாசிக்கிறவரு வரேங்கிறாரு அண்ணே. அதுல வயலின் சத்தம் இருக்குதாம்”ன்னு குமரவேல் சொன்னான். நான் அவனை முறைத்தேன்.

உடனே, பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, உன் தாள்களை எடுத்து விரித்தான். “எனக்கு ஒரு சந்தேகம்ணே. எட்வின் சார் இங்கங்க பென்சில்ல முட்டை முட்டையா போட்டிருக்காரு. சத்தக் குறி தனியா அச்சுல இருக்குது. விரல் நம்பரும் இல்ல. இது என்னான்னே புரியல.” நாங்கள் மூணு பேரும் குனிந்து பார்த்தோம். இருபது வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கும் தெரியவில்லை. உன்மேல் எரிச்சலாக வந்தது. எல்லாவற்றையும் உன் மண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு போனவன்.

டீ கொண்டுவந்த ஸ்டெல்லா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“அது முட்டை இல்ல. எங்கப்பா.”

மூணு பேரும் நிமிர்ந்தோம்.

“அப்பாவுக்கு நைட் டூட்டி. பகல்ல தூங்குவாரு. சத்தமா வாசிச்சா எழுந்து வந்து அடிப்பாரு. எந்தெந்த எடத்துல நான் சத்தம் போட்டுடுவேன்னு அண்ணனுக்குத் தெரியும். அங்கல்லாம் எனக்கு அவர் மொட்டைத் தலையப் போட்டுக் குடுத்தான். தலையப் பாத்தா வில்லு நுனியில மட்டும் வாசிக்கணும்.” டீயை வைத்துவிட்டு அந்தத் தாளைக் கையில் எடுத்தாள். “இன்னுமா போட்டுட்டு இருந்தான்?”

ஸ்டெல்லா சின்ன வயசில் கொஞ்சம் கற்றுக்கொண்டாள் என்று எனக்குத் தெரியும். நீ அப்படித்தான் சொல்வாய், “கொஞ்ச நாள் கத்துக்கிட்டா, விட்டுட்டா.” நானும் அதையே ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாலதி மேடம், “ஸ்டெல்லா, நீங்க வாசிக்கிறீங்களா?”ன்னு கேட்டார்.

“அவளுக்கு எங்க மேடம் நேரம்?”ன்னு நான் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது.

“என்னத்தானேங்க கேட்டாங்க?”ன்னாள் ஸ்டெல்லா.

குமரவேல் டீயை ஊதிக்கொண்டே இருந்தான், குடிக்கவே இல்லை.

“நான் விடல மேடம். வீட்ல வயலின் ஒண்ணுதான் இருந்துச்சி. அவன் ஒரு மணி நேரம், நான் ஒரு மணி நேரம். அஞ்சு வருஷம். அப்புறம் அவன் சிதம்பரத்துக்குப் படிக்கப் போனப்ப எடுத்துட்டுப் போயிட்டான். லீவுக்குக் கொண்டாறேன்னான்.”

“கொண்டாந்தாரா?”

“கொண்டாந்தான். அதுக்குள்ள எனக்கு சமையல் கத்துக் குடுத்துட்டாங்க.”

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இருபத்தேழு வருஷக் கல்யாணம். அதில் இருபது வருஷம் சனிக்கிழமை தவறாமல் நாம் வாசித்தோம், அவள் சமையல்கட்டில் நின்றாள். குமரவேலுக்கு முன்னால் இரண்டாவது வயலினுக்கு ஆள் கிடைக்காமல் ரெண்டு வருஷம் பாண்டிச்சேரி வரைக்கும் தேடி அலைந்தோமே மச்சான், நீயும் நானும். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். நீ ஏன் கொடுக்கவில்லை? உனக்கு ஞாபகம் இல்லையா? அப்படியானால் அந்த மொட்டைத் தலையை எதற்கு நாப்பது வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்தாய்? யாருக்காகப் போட்டாய்?

உன்னைக் கேட்கிறேனே, நான் ஏன் கொடுக்கவில்லை?

மறுநாள் காலையில் பூசை முடிந்து வந்ததும் அவளே மாடிக்குப் போய் உன் வயலினை எடுத்து வந்தாள். கடல் காத்தில், கம்பியை முறுக்குகிற முடுக்காணி இறுகிப் போயிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். நான் கை நீட்டினேன், தரவில்லை. ஒரு ஸ்வரத்தை இழுத்தாள். மோசமாக இருந்தது. இன்னொரு தடவை இழுத்தாள். அதுவும் மோசம். பொய் சொல்ல மாட்டேன் உன்னிடம். ஒரு வாரம் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஒரே வரியை முப்பது, நாப்பது தடவை. சோறு குழைந்தது, அல்லது சோறே இல்லை. விரல் நுனியில் தோல் உரிந்து, கடுகு தாளிக்கும்போது கையைக் கையை உதறினாள்.

பத்து நாளுக்கு அப்புறம் சமையல்கட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். (ஆமாம், நான்தான்.) உள்ளேயிருந்து ஒரு வரி நேராக வந்தது. நடுங்காமல், அவசரப்படாமல். துருவுவதை நிறுத்திவிட்டேன்.

ஒத்திகையில் அவள் உன் மாதிரி இல்லை. நீ தப்பு வந்தாலும் “போ போ, போய்ட்டே இரு” என்று இழுத்துக்கொண்டு ஓடுவாய். இவள் நிறுத்திவிடுவாள். “என்னாங்க, நீங்க ஜாஸ்தி சத்தம். மேடம் வாசிக்கிறது எனக்குக் கேக்கல.” நான் முதல் தடவை கோபித்துக்கொண்டு வெளியே போய் வாசலில் நின்றேன். இருபது வருஷம் ஒருத்தன்கூட என் வயோலா சத்தம் ஜாஸ்தி என்று சொன்னதில்லை. நீ முதல் வயலினை அவ்வளவு ஓங்கி வாசித்ததில் அது தெரியாமலே போயிருக்கிறது. குமரவேலோ உன் நாற்காலியில் உட்காரமாட்டேன் என்று ஸ்டூல் எடுத்துப் போட்டுக்கொண்டான். “அது சார் எடம்ணே.” மூணாவது வாரம் ஸ்டெல்லாதான், “ஸ்டூல்ல முதுகு வளையுது குமரா, நாற்காலியில உக்காரு”ன்னு அதட்டினாள். உட்கார்ந்தான்.

நவம்பர் கடைசி ஞாயிறு. அண்ணாமலை நகரில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி. நாலு மணிக்கு ஆரம்பம். காலையிலிருந்தே மழை, ஆனால் ரத்து செய்கிற மாதிரி புயல் ஒண்ணும் இல்லை. இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன் என்று ஒத்துக்கொள்கிறேன். பதினாலு பேர் வந்தார்கள். ஈரக் குடையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். மேலே தகரக் கூரை. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. நாலு மாசத் திட்டம், உன் உயிர், ஸ்டெல்லாவின் விரல், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தகரம், அதில் மழை.

ஆரம்பித்தோம். முதல் பாகம் சத்தமானது, தப்பித்தோம். இரண்டாவது மெதுவானது. உன் மொட்டைத் தலைகள் நிறைந்த பக்கம். நுனி வில்லில் நாங்கள் வாசிப்பது எனக்கே கேட்கவில்லை. அப்போது பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து போட்டார். அவரைப் பார்த்து இன்னொரு அம்மா. அப்புறம் எல்லோரும். எங்கள் ஸ்டாண்டுக்கும் அவர்கள் முழங்காலுக்கும் ஒரு முழம் இடைவெளிகூட இல்லை. ஒருத்தர் என் தாளை எட்டிப் பார்த்துப் பக்கத்தைத் திருப்பிக்கூட விட்டார். அந்தச் சங்கீதத்தை எழுதியவர் இப்படித்தான் மக்கள் உட்காருவார்கள் என்று நினைத்திருப்பார் போல. நாமோ மேடையா தரையா என்று மாசக்கணக்கில் சண்டை போட்டோம். மழை தீர்த்து வைத்தது.

கடைசி பாகம் வேகமானது. ஸ்டெல்லா நடுவில் இடம் தவறிவிட்டாள். ரெண்டு வரி தேடினாள், கிடைக்கவில்லை. வில்லை எடுத்துவிட்டாள். நாங்களும் ஒவ்வொருத்தராக நின்றோம். நீ இருந்திருந்தால் நிறுத்தியிருக்கவே மாட்டாய். என் காது சுட்டது. அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டு எதிரில் இருந்தவர்களைப் பார்த்து, “மன்னிச்சிக்குங்க, எனக்குத் தப்பிப் போச்சி. இந்தப் பக்கத்த மொதல்லேர்ந்து வாசிக்கிறோம்”ன்னு சொன்னாள். மைக் இல்லாமல், சாதாரணக் குரலில். வாசித்தோம். இந்தத் தடவை தப்பவில்லை.

முடிந்ததும் அந்தப் பெரியவர் அவளிடம் வந்தார். “ரெண்டாவது தடவ வாசிச்சது நல்லதாப் போச்சிம்மா. மொதல் தடவ எனக்குப் புரியல”ன்னார்.

நன்றாக இருந்தது மச்சான். உன் மாதிரி இல்லை. ஆனால் நன்றாக இருந்தது. அதை உன்னிடம் சொல்வதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது. நீ இருந்தபோதே இப்படி இருந்திருக்கலாமே. ஐந்து பேராக.

திரும்பும்போது ரயிலில் எதிர் சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண். “இது என்னாங்கக்கா, வயலினா? யாரு வாசிப்பாங்க?”ன்னு கேட்டது. இந்தத் தடவை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி புதுச்சத்திரம் தாண்டிக்கொண்டிருந்தது.

“நான்தான்”ன்னு ஸ்டெல்லா சொன்னாள். பெட்டியைத் திறந்து காட்டினாள். குழந்தை கம்பியைப் பிடித்து இழுத்தது. அவள் தடுக்கவில்லை.

இப்போது உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன்மேல் இருக்கிற கோபம் தீரும் என்று சொல்ல மாட்டேன், தெரியாது. உன் படத்தைப் போட்டு இனி யாரும் ஃப்ளெக்ஸ் வைக்க விடமாட்டேன், அது நிச்சயம். சனிக்கிழமை தவறாமல் உட்காருவேன். ஸ்டெல்லா நிறுத்தினால் நிறுத்துவேன், கோபித்துக்கொண்டு வாசலுக்குப் போக மாட்டேன். வயோலாவும் வயலினும் மட்டும் பேசிக்கொள்கிற ஒரு உருப்படியை எங்கிருந்தோ தேடிப் பிடித்திருக்கிறாள். நாளைக்கு ஆறு மணிக்கு ஆரம்பிக்கலாம் என்றாள். எனக்கு அதில் பாதி வரி வராது. வராததை அவளிடமே கேட்டுக் கற்றுக்கொள்கிறேன்.

உன் தங்கச்சியை இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கும்,
உன் மச்சான்
சார்லஸ்